குழியருகே எந்தக் கோல்?

சிலாபத்திலிருந்து வடக்கே உடப்பு, கற்பிட்டி என நீளும் கரையை அறிந்த நேயர்கட்கு இராவணன் மீசை என்னும் புல்லை நாம் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. வெறுங்காலுடன் மணல்மேட்டில் ஏறியவனை ஊசிபோற் குத்தி நிறுத்தும் புல் அது. அதன் முதிர்ந்த கதிர்க்கொத்துப் பந்து வடிவாகத் திரண்டிருக்கும். காற்று அதனைப் பறித்தெடுத்துவிட்டால் முதலிற் சிறிது துள்ளும். பின்னர் மணலின்மேல் உருண்டுகொண்டே போகும். எங்கோ ஒரு பள்ளத்தை அடைந்து அங்கே தங்கிவிடும். கோல்ப் என்னும் பந்தாட்டத்திலே ‘சிப்’ என்று வழங்கும் அடி எத்தகையது என எவரேனும் எம்மை வினவின், இந்தக் கதிர்க்கொத்தைக் காட்டிவிடுவோம். சிறிது பறத்தல், பெரிதும் உருளுதல், பள்ளத்திலே அடங்குதல் என்ற மூன்றுமே அந்த அடியின் இலக்கணம்.

இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து ஒரு மாணவ நேயர் வரைந்த கடிதமாகும். குவைத்திலே ஒரு விளையாட்டுக் கழகத்திற் புல் பராமரிக்கும் வேலை பார்த்துத் திரும்பிய அவருடைய மாமா, அங்கே கழித்துவிட்ட பழைய கோல்ப் கோல்கள் மூன்றைக் கொண்டுவந்து மருமகனுக்குக் கொடுத்திருக்கிறார். ஒன்று 7-ஆம் இலக்க இரும்புக் கோல். மற்றொன்று 9-ஆம் இலக்கம். மூன்றாவது ‘சாண்ட் வெட்ஜ்’ எனப்படும் மணற்கோல். பையனும் தென்னந்தோட்டத்து ஓரத்திற் குழி தோண்டி ஆடத் தொடங்கிவிட்டார். இப்பொழுது தந்தையாரின் தீர்ப்பு வந்திருக்கிறது: பரீட்சைக்குரிய தனிவகுப்புச் செலவுக்காக இரண்டு கோல்களை விற்றாக வேண்டும், ஒன்றை மாத்திரம் வைத்துக்கொள்ளலாம். “எதை வைத்துக்கொள்வது? நான் ஆடக்கூடிய இடம் சிறியது. குழிக்கு அருகிலிருந்து அடிப்பதே என் ஆட்டம்” என்று கேட்கிறார்.

தந்தையாரின் தீர்ப்பிலே நாம் குறை காணவில்லை. வெங்காயத்தின் விலையும் மீனின் வரத்தும் ஒரு வாரம் போல் மறுவாரம் இராத ஊரில், மூன்று கோல்களிலே ஒன்றை மகனிடம் விட்டுவைக்கச் சம்மதித்ததே பெரிது. ஆயின் அந்த ஒன்று எது என்பதை ஆராயாமற் சொல்லிவிடுதல் தகாது.

செல்வர் ஆட்டம் நமக்கு எதற்கு என்று முணுமுணுக்கும் பெரியவர்களுக்கு முதலில் ஒரு சொல். இந்த ஆட்டம் பிறந்தது மாளிகை முற்றத்தில் அன்று. ஸ்கொட்லாந்து நாட்டின் கரையோரத்திலே, கடலுக்கும் உழுநிலத்துக்கும் இடையே கிடந்த பயனற்ற மணல்மேட்டிலேதான் அது வளர்ந்தது. அத்தகைய நிலத்தை அந்நாட்டார் ‘லிங்க்ஸ்’ என்பர். மேடு என்னும் பொருள்தரும் பழைய சொல்லிலிருந்து வந்த பெயர். உழவுக்கு உதவாத மணல், குட்டையான புல், ஓயாத காற்று ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. நம் புத்தளக் கரையில் இவற்றுள் எது இல்லை? இலங்கைக்கும் இவ்வாட்டம் முதலிற் கடலோரமாகவே வந்தது. 1879-ஆம் ஆண்டிலே தோன்றிய கொழும்பு கோல்ப் கழகத்தார் தொடக்கத்திற் காலிமுகத்திடலிலே ஆடினர். 1896-இல் பொரளைப் பக்கத்து மைதானத்துக்குப் பெயர்ந்தனர். 1928-இல் ‘றோயல்’ என்ற அடைமொழியும் பெற்றனர். களனிவெளிப் புகையிரதப் பாதை அம்மைதானத்தை ஊடறுத்துச் செல்வதை அவ்வழியாற் பயணஞ் செய்தோர் கண்டிருப்பர். நுவரெலியாக் கழகம் 1889-இலே பிறந்தது. திகனைக்கு அண்மையில் விக்டோரியா மைதானமும் அம்பாந்தோட்டை மைதானமும் பிற்காலத்தவை. ஆக, தேயிலை மலைக்கு ஏறுமுன்பே கடற்காற்றில் ஆடப்பட்ட ஆட்டம் இது.

ஆடியவர் யார் என்பது வேறு கதை. கோல்கள் நிறைந்த பையைச் சுமந்து பின்னே நடந்த சிறுவர்களை ‘கெடி’ என்பார்கள். துரைமார் ஆடி முடித்துப் போனபின், உடைந்த கோல் ஒன்றை வைத்துக்கொண்டு அந்தச் சிறுவர்கள் மாலை வெளிச்சத்தில் அடித்துப் பழகினர். தென்னாசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர் பலர் இப்படி வந்தவர்களே. 1991-இல் இந்தியப் பகிரங்கப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், டில்லியிலே பை சுமந்தவர். 2009-இல் அதே போட்டியை வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூரிற் பை சுமந்தவர். நம் நாட்டு நடராஜா தங்கராஜா, கே. பிரபாகரன் போன்ற தமிழ்ப் பெயர்கள் இந்தியத் தொழில்முறைப் போட்டிகளின் பட்டியல்களில் இடம்பெற்றதை விளையாட்டுப் பக்கம் படிப்போர் அறிவர். முழுப் பை கிடையாத பிள்ளைக்கு நெடுந்தூர அடியைப் பழகுவது கடினம். குழிக்கு அருகிலான சிற்றடியைப் பழக ஒரு கோலும் இருபது யார் நிலமும் போதும்.

இனி அடிக்கு வருவோம். குழியைச் சூழ்ந்து, பாய் விரித்தாற்போல் ஒட்டக் கத்தரித்த புற்றரைக்குக் ‘கிறீன்’ என்று பெயர். குழியின் வாய் நாலேகால் அங்குலம். பந்தின் விட்டம் ஏறக்குறைய 43 மில்லிமீற்றர். பந்து அப்புற்றரையின்மேல் வந்துவிட்டால் ‘பட்டர்’ என்னும் தட்டைக் கோலால் உருட்டிவிடலாம். வராமல், விளிம்புக்கு இரண்டு மூன்று யார் வெளியே நெடும்புல்லிற் கிடந்தால் என் செய்வது? நேரே உருட்டினாற் புல் தடுக்கும். உயரத் தூக்கி அடித்தாலோ, விழுந்த பந்து எங்கே போகும் என்பது அதை அடித்தவனுக்கே தெரியாது. ஆதலால் அந்த நெடும்புல்லை மாத்திரம் தாண்டுமளவுக்குப் பந்தை எழுப்பி, புற்றரையில் ஒரு யார் உள்ளே விழச்செய்து, எஞ்சிய தூரத்தை உருண்டே கடக்க விடுவது உத்தமம். இதுவே சிப். பறக்கும் தூரம் குறைந்து உருளும் தூரம் கூடுவதே இதன் அடையாளம். பறப்பது கூடினால் அது ‘பிற்ச்’ என்னும் வேறோர் அடியாகிவிடும்.

போளை அடிக்கும் பிள்ளைகளிடம் இந்த அறிவு பிறவியிலேயே இருக்கிறது. குழிக்கும் தனக்கும் இடையே ஒரு கல் கிடந்தாற் பையன் போளையை அந்தக் கல்லுக்கு மேலாக மட்டும் சுண்டி, அப்பாற் போட்டு உருளவிடுகிறான். வானத்துக்கு எறிவதில்லை. அவனை உட்காரவைத்து யாரும் பாடஞ் சொன்னதுமில்லை.

எந்தக் கோல் என்ற வினாவுக்கு ஆட்டக்காரரிடையே நெடுங்காலமாக இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கோலை எடுத்து அதனை நூறு விதமாக அடிக்கப் பழகு என்பது ஒரு கட்சி. ஒரே விதமாக அடிக்கப் பழகு, இடத்துக்கு ஏற்பக் கோலை மாற்று என்பது மற்றக் கட்சி. இரண்டும் வென்றிருக்கின்றன.

இரண்டாவது கட்சியை முதலிற் பார்ப்போம்; அது கணக்குப் பிள்ளைகளுக்கு உகந்தது. இரும்புக் கோல்களின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இலக்கம் கூடக்கூடச் சாய்வும் கூடும். 7-ஆம் இலக்கத்தின் சாய்வு 30 முதல் 34 பாகை வரை. 9-ஆம் இலக்கம் 40-ஐ ஒட்டியது. மணற்கோல் 54 முதல் 56 பாகை. சாய்வு கூடினாற் பந்து கூட எழும், விழுந்தபின் குறைவாக உருளும். இதை வைத்துப் பயிற்சியாளர் ஓர் எளிய கணக்குக் கூறுவர். பந்து பறக்க வேண்டிய தூரத்தை ஒரு பங்காகக் கொண்டு, உருள வேண்டிய தூரம் அதைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். அந்த எண்ணைப் பன்னிரண்டிலிருந்து கழியுங்கள். கிடைப்பது கோலின் இலக்கம். ‘பிற்சிங் வெட்ஜ்’ என்னும் கோலுக்கு இலக்கம் 10 என்றும், மணற்கோலுக்கு 11 என்றும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பந்து விளிம்புக்கு வெளியே 2 யாரிலும், குழி விளிம்புக்கு உள்ளே 10 யாரிலும் இருக்கின்றன என்போம். விளிம்பைக் கடந்து ஒரு யாரில் விழவேண்டுமானால் பறப்பு 3 யார், உருள்வு 9 யார். மூன்று மடங்கு. 12-இல் 3 போக 9. ஒன்பதாம் இலக்கம். பந்து விளிம்புக்கு ஒரு யார் வெளியிலும் குழி 11 யார் உள்ளேயும் இருப்பின் பறப்பு 2, உருள்வு 10, ஐந்து மடங்கு, ஏழாம் இலக்கம். பந்து 3 யார் வெளியே, குழி 5 யார் மாத்திரமே உள்ளே என்றால் பறப்பு 4, உருள்வு 4, சமம், மணற்கோல். மேட்டை நோக்கி உருளுவதாயின் இலக்கத்தில் ஒன்று குறைக்க வேண்டும். பள்ளத்தை நோக்கியாயின் ஒன்று கூட்ட வேண்டும். பெருந்தோட்டக் கணக்குப்போல் இது துல்லியமானதன்று. நடுத்தரமான புல்லை எண்ணிச் சொன்னது. ஆயினும் தொடங்குகிறவனுக்கு ஓர் ஊன்றுகோல்.

இக்கட்சியின் பெருமகன் அமெரிக்கரான போல் ரன்யன். சிற்றுருவினர், நெடுந்தூரம் அடிக்க மாட்டாதவர். 1938-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறையாளர் போட்டியின் இறுதியாட்டத்தில், அக்காலத்திலே இடிபோல் அடிக்கும் சாம் ஸ்னீட் அவருக்கு எதிரே நின்றார். ஸ்னீட்டின் முதலடி ஒவ்வொரு தடவையும் ரன்யனின் அடியைத் தாண்டிப் போயிற்று. முடிவில், ஆட இன்னும் 7 குழிகள் எஞ்சியிருக்க, 8 குழிகள் முன்னிலையில் வென்றவர் ரன்யன். குழியருகே வந்ததும் ஸ்னீட்டின் பலம் பயனற்றுப்போயிற்று. பட்டரால் உருட்டுவதுபோல மணிக்கட்டை அசைக்காது ஒரே ஊசலடியாற் பந்தை எழுப்பி ஓடவிட்டார் ரன்யன்.

மற்றக் கட்சிக்கு வருவோமானால், அங்கே ஒரே பெயர் போதும். 1957-இல், ஸ்பெயின் நாட்டின் வடகரையிலே, சந்தாந்தேர் விரிகுடாவை நோக்கிய பெட்ரேஞா என்ற சிற்றூரிற் பிறந்தவர் செவே பலெஸ்டெரோஸ். அவ்வூரிலும் ஒரு கோல்ப் கழகம் இருந்தது. பை சுமக்கும் சிறுவர்களுக்கு அங்கே ஆட அனுமதி இல்லை. அண்ணன் கொடுத்த பழைய 3-ஆம் இலக்கக் கோல் ஒன்றே செவேயின் சொத்து. கடல் வற்றும் நேரத்தில் வெளிப்படும் அகன்ற மணற்பரப்பே அவருடைய மைதானம். 3-ஆம் இலக்கமோ நெடுந்தூரத்துக்கென அமைந்த, சாய்வு மிகக் குறைந்த கோல். குழியருகே பந்தை மெல்லத் தூக்கி வைப்பதற்குச் சற்றும் பொருந்தாதது. அதனையே முகத்தைத் திறந்து பிடித்தும், மூடிப் பிடித்தும், கைகளை முன்னே சாய்த்தும், பின்னே தாழ்த்தியும், ஒரு கோலைப் பத்துக் கோல்களாக்கினார் அச்சிறுவர். வேறு வழி இருந்திருந்தால் அதைக் கற்றிருப்பாரா என்பது ஐயமே.

1976-ஆம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தின் றோயல் பேர்க்டேல் மைதானத்தில் ‘த ஓப்பன்’ எனப்படும் பெரும்போட்டியின் கடைசிக் குழி. செவேக்கு வயது பத்தொன்பது. ஜோனி மில்லர் வெற்றியை ஏற்கெனவே கைப்பற்றிவிட்டார். இரண்டாமிடத்துக்கு ஜாக் நிக்லஸுடன் சமமாக வரவேண்டுமானால் இக்குழியைச் சிக்கனமாக முடித்தாக வேண்டும். பந்து புற்றரைக்கு வெளியே கிடக்கிறது. அதற்கும் குழிக்கும் இடையே இரண்டு மணற்குழிகள். கண்டோர் யாவரும், பந்தை உயரத் தூக்கி மணற்குழிகளுக்கு மேலாக இறக்குவார் என்றே எண்ணியிருப்பர். தரையோ அவ்வாண்டின் கோடையிற் காய்ந்து கெட்டியாயிருந்தது. உயரத்திலிருந்து விழும் பந்து அங்கே நில்லாது. செவே இரண்டு மணற்குழிகளுக்கும் நடுவே கிடந்த ஒடுங்கிய பாதையைக் கண்டார். பந்தைத் தாழத் தட்டினார். அது துள்ளி, அந்த இடைவெளியால் ஓடி, குழிக்கு நான்கடி அளவில் நின்றது. அடுத்த தட்டிற் குழியில் விழுந்தது, நிக்லஸுடன் சமநிலை. பின்னாளில் 1979, 1984, 1988 ஆகிய ஆண்டுகளில் அதே போட்டியை அவர் வென்றார், 2011-இல் மறைந்தார். வெற்றிகளை மறந்தவரும் அந்தத் தோல்வி நாளின் சிற்றடியை மறக்கவில்லை.

பேர்க்டேலில் அவர் தெரிந்தெடுத்தது முதலிற் பாதையை. கோலை அதன் பின்னரே எடுத்தார். இந்த ஒழுங்கு மிகவும் வேண்டியது. நம்மிற் பலர் கோலை எடுத்துக்கொண்டு பின்னர் பாதை தேடுகிறோம்.

பாதைக்கு முன்னதாக இன்னொன்றும் பார்க்க வேண்டும்; அது பந்து கிடக்கும் கிடை. இங்கேதான் புத்தளக் கரை தன் சொந்தச் சட்டத்தை விதிக்கிறது. மணற்கோலின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்விளிம்பைவிடப் பின்புறம் தாழ்ந்து புடைத்திருக்கும். இந்தப் புடைப்பை நிலைநாட்டியவர் ஜீன் சரசன் என்னும் அமெரிக்கர். விமானத்தின் வாற்பகுதி தாழும்போது மூக்கு மேலெழுவதைக் கண்டு, கோலின் அடியிலே ஈயத்தை ஒட்டி ஒட்டிப் பார்த்து அமைத்தார் என்பர். 1932-இல் அதே கோலுடன் ‘த ஓப்பன்’ போட்டியையும் வென்றார். தளர்ந்த மணலிலே இப்புடைப்பு, படகின் அடிபோல் வழுக்கிச் செல்லும், கோல் புதையாது. ஆனால் கெட்டித் தரையிலே என்ன நிகழும்? புடைப்புத் தரையில் மோதித் தெறிக்க, முன்விளிம்பு உயர்ந்து, பந்தின் வயிற்றிலே வெட்டும். பந்து எழாமல் அம்புபோற் பாய்ந்து அயல்வீட்டு வேலிக்கு அப்பாற் போய்விடும்.

மணற்குழிக்கு ஆங்கிலத்தார் வழங்கும் ‘பங்கர்’ என்ற சொல்லை நாம் இங்கே வேண்டுமென்றே விலக்கினோம். இந்நாட்டிலே அச்சொல் வேறு நினைவுகளை எழுப்புவது; 1990-க்குப் பின் வடக்கிலிருந்து பெயர்ந்து வந்து இம்மாவட்டத்திலே குடியேறியவர்களின் பிள்ளைகளும் இப்பக்கத்தைப் படிக்கின்றனர்.

கற்பிட்டித் தரை ஒரே தரையன்று. கடலலை நனைக்கும் விளிம்பிலே மணல் கெட்டியாய், சீமெந்துத் தரைக்கு ஒப்பாக இருக்கும். நம் கரையில் வற்றும் பெருக்கும் இரண்டடி அளவே ஆதலால் அந்த விளிம்பு குறுகியது, பெட்ரேஞாவைப்போல் அகன்றதன்று. சற்று மேலே வந்தாற் காய்ந்த தளர்மணல். அதிலே பந்து விழுந்த இடத்திலேயே அடங்கும், உருளாது. அதற்கும் மேலே அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். தென்னந்தோட்டத்துக்குள்ளே கால் மிதித்து இறுகிய வெறுந்தரை. களப்புப் பக்கம் போனால் உவர்ச் சேறு காய்ந்து பாளமாய்க் கிடக்கும். இவற்றுள் மணற்கோல் தன் பெயருக்கு ஏற்ப உதவுவது தளர்மணலில் மாத்திரமே. மற்றெங்கும் புடைப்புப் பகையாகும்.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதந் தொடங்கிச் செப்டெம்பர் கடந்தும் தென்மேற்குக் காற்று ஓயாமல் வீசும் கரை இது. பட்டம் கட்டி அலைமேற் சறுக்குவதற்கென்றே வெளிநாட்டார் கற்பிட்டிக்கு வருகின்றனர். மாம்புரியிலே 2010 முதற் காற்றாலைகள் மின்சாரம் பிறப்பிக்கின்றன. அத்தகைய காற்றிலே 56 பாகைக் கோலாற் பந்தை உயர்த்துவது, கரைவலை இழுப்பவர் தலைப்பாகையை அவிழ்த்து வானத்தில் எறிந்து, அது தன் தலைமீதே விழும் என்று காத்திருப்பதற்கு ஒப்பாகும். எதிர்க்காற்றில் அது முன்னேறாது, பின்காற்றில் நில்லாது. தாழ ஓடும் பந்தையோ காற்றுப் பெரிதும் தீண்டுவதில்லை.

மணற்கோலாலும் தாழ அடிக்கலாமே எனின், அடிக்கலாம். 1987-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியிலே கிரெக் நோர்மனுக்கு எதிராக லாரி மைஸ் என்பவர் ஏறக்குறைய 140 அடித் தொலைவிலிருந்து மணற்கோலாலேயே பந்தைத் தாழ ஓட்டிக் குழியில் விழுத்தி வென்றார். அது பதப்படுத்திய பசும்புல்லில், பல்லாண்டு பழகிய கையால் நிகழ்ந்தது. இறுகிய தென்னந்தோட்டத்தில் தனியே பழகும் பிள்ளைக்கு நாம் அதனைச் சொல்லமாட்டோம்.

எஞ்சியவை ஏழும் ஒன்பதும். ஏழாம் இலக்கம் நல்ல கோல். எதிர்காலத்திலே முழுவீச்சுப் பழக வேண்டுமென்றால் அதுவே பொருத்தம். வெறுந்தரையிலே நன்றாக ஓடும். ஆனால் முழங்கால் அளவுப் புல்லுக்குள்ளிருந்து, அல்லது மணல்மேட்டின் சரிவிலிருந்து, பந்தை மெல்ல எழுப்பி அருகே நிறுத்துவதற்கு அதன் சாய்வு போதாது. ஒன்பதாம் இலக்கத்தின் அடிப்புடைப்பு மணற்கோலினதைவிடக் குறைவு. கெட்டித் தரை அதனைத் தெறிக்கச் செய்யாது. கைகளைச் சற்று முன்னே சாய்த்தால் அது ஏழுபோல் ஓடும். முகத்தைச் சற்றுத் திறந்தால் ‘பிற்சிங் வெட்ஜ்’ போல் எழும். இரு பக்கமும் எட்டக்கூடிய நடுக்கோல் அதுவே. தம்பி, ஒன்பதை வைத்துக்கொள்ளும். ஏழையும் மணற்கோலையும் தந்தையாரிடம் கொடுத்துவிடும்.

அடிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். கால்களை நெருக்கி நில்லும். உடற்பாரம் இடக்காலில் இருக்கட்டும்; அடி முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். பந்து இரு கால்களுக்கும் நடுவில், அல்லது ஒரு பந்தளவு வலப்புறம். கைகள் பந்துக்குச் சற்று முன்னே. கோலைத் தாழப் பிடியும். மணிக்கட்டு மடங்காமல், தோளிலிருந்து ஊஞ்சல்போல் ஆடட்டும். தூரம் கூட வேண்டுமாயின் வேகத்தைக் கூட்டாமல் ஊஞ்சலை நீட்ட வேண்டும். புதியவர் செய்யும் பெரும்பிழை, அகப்பையாற் சோறு அள்ளுவதுபோற் பந்தைக் கீழிருந்து ஏந்த முயல்வதாகும். பந்தை எழுப்புவது கோலின் சாய்வு. கையின் வேலை முதலிற் பந்தையும் பின்னர் தரையையும் தொடுவது மாத்திரமே. கண் குழியைப் பாராமல், பந்து விழ வேண்டிய இடத்தைப் பார்க்கட்டும்.

மணிக்கட்டு அடங்காதவர்க்கு ஒரு வழி உண்டு. வழக்கமாக இடக்கை மேலும் வலக்கை கீழுமாகப் பிடிப்பர். அதை மாற்றி இடக்கையைக் கீழே கொண்டுவந்தால் மணிக்கட்டு மடங்க இடமில்லை. 2022-இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்ற ஆங்கிலேயர் மத்தியூ பிற்ஸ்பற்றிக் குழியருகே இவ்வாறுதான் பிடிக்கிறார். அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே, எல்லா அடிகளையும் அப்பிடியாலேயே அடித்த ஒருவர் இருந்தார். தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வமிசத்திற் பிறந்து, பை சுமந்து, மரக்கிளையாற் பந்தடித்துப் பழகிய பப்வா செவ்கோலம். கற்பிக்க ஆளில்லாமையாற் கை தானே கண்ட பிடி அது. 1959-இலும் 1960-இலும் ஒல்லாந்துப் பகிரங்கப் போட்டியை வென்றார். 1963-இல் சொந்த ஊரிலே நேற்றால் பகிரங்கப் போட்டியையும் வென்றார். வெள்ளையர் கழகமாதலால் உள்ளே நுழைய அனுமதி இல்லை. மற்ற ஆட்டக்காரர் மண்டபத்துள் இருக்க, வெற்றிக் கிண்ணம் வெளியே, மழையில் நின்ற அவரிடம் கொடுக்கப்பட்டது. அந்தப் படம் உலகெங்கும் சென்றது. 1965-இல் மீண்டும் அப்போட்டிக்கு வந்து, புகழ்பெற்ற கேரி பிளேயரையே முந்தி வென்றார். பின்னர் அந்நாட்டு அரசு அவருக்குப் போட்டிகளின் கதவையே அடைத்தது. அவருடைய பிடியைப் பிழை என்று சொல்லத் துணிபவர் அந்தக் கிண்ணங்களுக்கும் விளக்கம் சொல்லட்டும்.

பச்சைப் புல்லில்லாமல் எப்படி ஆடுவது என்று மாணவர் கவலைப்படுகிறார். வேண்டாம். அமெரிக்காவின் பேர்பெற்ற பைன்ஹேர்ஸ்ட் மைதானத்தின் இரண்டாம் இலக்கத் திடலிலேயே 1935 வரை குழித்தரைகள் மணலாலானவை. வளைகுடா நாடுகளின் பாலைவனத்தில் எண்ணெய் கலந்து இறுக்கிய மணலைக் குழித்தரையாக்கி ஆடியதை அவருடைய மாமாவும் கண்டிருக்கலாம். பச்சையாக இல்லாதபடியால் அதனைக் ‘கிறீன்’ என்னாது ‘பிரவுன்’ என்றனர். நம் குடாநாட்டிலோ கிணற்று நீர், உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கும் நன்னீர். வெங்காயத் தோட்டத்து உரம் அதிலே கசிந்து நைத்திரேற்று மிகுவதை ஆய்வாளர் பலகாலும் எடுத்துரைத்திருக்கின்றனர். அந்த நீரை ஆட்டப் புல்லுக்கு இறைப்பதை நாம் ஒப்பமாட்டோம். தென்னந்தோட்டத்திலே மூன்று யார் வட்டத்தைத் துப்புரவாகக் கூட்டி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி இறுக்கினாற் போதும்.

பயிற்சிக்கு அம்மாவின் பழைய சுளகு ஒன்றைக் கேட்டு வாங்கும். பந்து விழ வேண்டிய இடத்தில் அதைக் கவிழ்த்து வைத்து, பத்துப் பந்துகளில் எத்தனை அதன்மேல் விழுகின்றன என்று எண்ணும். குழியை மறந்து, ஒரு மாதம் சுளகையே இலக்காக்கும். பின்னர் சுளகை எடுத்துவிட்டு, விழுந்த இடத்திலிருந்து பந்து எவ்வளவு உருள்கிறது என்று உம்முடைய தரையிலேயே கோடு கீறி அளந்து குறித்துக்கொள்ளும். பன்னிரண்டாம் எண்ணின் கணக்கைவிட அந்தக் குறிப்பேடு உமக்குப் பயன்படும். கோல்ப் பந்து கல்லைப்போற் கடினமானது. முன்னே தம்பி தங்கையர் நின்றால், அல்லது வலை காயப்போட்டவர் அமர்ந்திருந்தால், கோலை எடுக்கவே வேண்டாம். கடற்கரையில் ஆடுவதாயின் மாலையிலே, வள்ளங்கள் கரையேறிய பின்.

கோல் நீளமாக இருக்கிறது, வெட்டலாமா என்றும் கேட்டிருக்கிறார். வெட்டலாகாது. தண்டைக் குறைத்தால் அது விறைக்கும். தலையின் பாரமும் கைக்குத் தெரியாமற் போகும். பிடியின் கீழ்நுனிவரை கையைத் தாழ்த்திப் பிடித்தாலே இரண்டு மூன்று அங்குலம் குறைந்துவிடும். நீர் இன்னும் வளருகிற பிள்ளை. கடைசியாக, விற்கப்போகும் இரண்டு கோல்களைப் பற்றியும் ஒன்று. உப்புக்காற்றிலே இரும்பு துருப்பிடித்தால் விலை பாதியாகும். முகத்திலுள்ள வரிப்பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்னீரிற் கழுவி, ஈரந் துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை பூசி, தாளிற் சுற்றி வையும். கொழும்பில் விசாரித்த பின்னரே விலை பேசுமாறு தந்தையாரிடம் நாம் சொன்னதாகச் சொல்லும்.